கதவில் மூன்று கணு

யார் என்ன கொடுத்தாலும் வாங்கியதும் முதலில் அதைத் திருப்பிப் பார்ப்பேன். கல்யாணப் பத்திரிகையாக இருந்தாலும் சரி, கோயில் விபூதிப் பொட்டலமாக இருந்தாலும் சரி. இது கெட்ட பழக்கம் என்று கட்டிக்கொடுத்து அனுப்பிய என் மகள் இன்னமும் போனில் சொல்லிக் காட்டுகிறாள். இந்தப் பழக்கத்துக்குத்தான் நெருப்பெரிச்சல் ஊரில் உள்ள பனியன் கம்பெனியில் இருபது வருடமாகச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று நானும் விடாமல் பதில் சொல்கிறேன்.

நான் செக்கிங்கில் இருக்கிறேன். தைத்து வருகிற ஒவ்வொரு பனியனையும் ட்யூப்லைட்டுக்குக் கீழே மேஜையில் விரித்து, முன்பக்கம், பின்பக்கம், கழுத்து, கை, உள்தையல் எல்லாம் பார்க்க வேண்டும். ஓட்டையோ கறையோ கண்ணில் பட்டால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்ட வேண்டும். அம்பின் முனை குறையைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். மாலையில் வீட்டுக்கு வந்து சேலை மாற்றும்போது முழங்கையிலோ முடியிலோ ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். என் வீட்டுக்காரர் அதைப் பிய்த்து எடுத்து, "உன்னையே ரிஜெக்ட் பண்ணி அனுப்பிட்டாங்களா அம்மிணி?" என்று கேட்பார்.

வேலையில் எனக்கு ஒரு கொள்கை உண்டு. பீஸ் கட்டோடு வருகிற சீட்டைத் திருப்பிப் பார்க்க மாட்டேன். எந்த யூனிட்டில் சாயம் போட்டது, எங்கே பிரிண்ட் அடித்தது, யார் தைத்தது என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். தெரிந்த பெயர் ஒன்று கண்ணில் பட்டால் போதும், பெரிய ஓட்டைகூடச் சின்னதாகத் தெரிய ஆரம்பித்துவிடும். பக்கத்து மேஜைக்காரிகள் சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் பீஸைப் பார்ப்பார்கள். எனக்குத் துணி போதும்.

போன வைகாசியில் இலை டிசைன் ஒன்று வந்தது. வெள்ளைத் துணியில் பச்சை இலைகள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்றாவது பீஸில் இலைக் காம்புக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி, கடுகில் பாதி இருக்கும். ஏழாவது பீஸிலும் அதே காம்பு, அதே புள்ளி. எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது. வெட்டாமல் மிச்சம் இருந்த துணியைக் கொண்டுவரச் சொல்லி, தரையில் விரித்து டேப்பை வைத்தேன். சரியாக அறுபத்திநாலு சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி.

அந்தக் கணக்கு எனக்குப் புரியும். பிரிண்டிங் மிஷினில் டிசைன் இருப்பது ஓர் உருளையில். அதைத்தான் ஸ்கிரீன் என்பார்கள். அது ஒரு சுற்றுச் சுற்றினால் அறுபத்திநாலு சென்டிமீட்டர் துணி ஓடியிருக்கும். உருளையில் ஊசி முனையளவு ஓட்டை விழுந்தாலும் சுற்றுக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போகும். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் வீட்டுக்காரர்தான். அருள்புரத்தில் ஒரு யூனிட்டில் அந்த மிஷினை அவர் பத்துப் பன்னிரண்டு வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் மேனேஜர் வந்து குனிந்து பார்த்தார். "கண்ணுக்கே தெரியிலீங்களே, விட்ரலாமுங்களா?" என்றார். "எனக்குத் தெரியுதுங்க" என்றேன். மொத்த லாட்டும் திரும்பிப் போனது. அன்றைக்குச் சாப்பிடும்போது இந்தக் கதையை வீட்டுக்காரரிடம் கை காலெல்லாம் ஆட்டிச் சொன்னேன். "எவனோ தூங்கிக்கிட்டே மிஷின் ஓட்டியிருக்கறானுங்க" என்று சிரித்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எல்லாத்துக்கும் ஒட்டிட்டியா?" என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் என்றேன். "சரியாத்தான் பண்ணியிருக்கற" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

ஆடி மாதம் அவர் சட்டையின் வாசனை மாறியது.

பிரிண்டிங் யூனிட்டில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வாசனை உண்டு. மூக்கில் குத்துகிற அந்தச் சாயப்பசையின் நெடி, துவைத்தாலும் போகாது. இத்தனை வருடமாக அந்த நெடியோடு குடும்பம் நடத்தியவள் நான். அது இல்லாமல் ஒரு நாள் சட்டை வந்தது. அதற்குப் பதிலாக டர்பன்டைன் வாடை. நகக்கண்ணில் பச்சை, நீலம், ஆரஞ்சு என்று தினம் ஒரு நிறம் இருக்கும். இப்போது தினமும் ஒரே காப்பித்தூள் நிறம். கேட்டால், "புது கெமிக்கல் வந்திருக்குது அம்மிணி" என்று பூசி மெழுகினார். புது கெமிக்கல் வந்தால் எல்லாத் துணியும் காப்பி நிறத்திலா ஓடும்?

அன்றிலிருந்து என் வீட்டுக்காரரையும் மேஜையில் போட்டு விரித்துவிட்டேன். சட்டையை உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். காலருக்குள்ளே ஒரு பழுப்புப் பொட்டு. டிபன் பாக்ஸ் மூடியில் பழுப்பு நிறத்தில் ஒரு பெருவிரல் ரேகை. பைக்கின் கிலோமீட்டரைக் காலையிலும் மாலையிலும் பார்த்து, காலண்டர் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்தேன். அருள்புரம் போய் வருவதற்கு ஒரு கணக்கு இருக்கிறதல்லவா? ஒரு நாள் அதில் பாதிதான் ஓடியிருந்தது. மறுநாள் இரண்டு மடங்கு. சம்பளம் எப்போதும்போல வந்துகொண்டிருந்ததால் வேலை போயிருக்கும் என்ற பக்கம் என் புத்தி போகவே இல்லை. வேறு எல்லாப் பக்கமும் போனது.

பக்கத்து மேஜையில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி இருக்கிறாள். வாயைக் கட்டிக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. அவளிடம் சொல்லித் தொலைத்தேன். அவள் கையில் இருந்த பீஸைக் கீழே வைத்துவிட்டாள். "யக்கா, ஆம்பளையளுக்கு வாசன மாறிச்சின்னா சும்மா இருக்காது பாத்துக்கிடுங்க. அத்தான் எங்க போறாவன்னு பின்னாலயே போயி பாக்க வேண்டியதுதான?" என்றாள். இவளிடம் ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது. ஆனால் அவள் சொன்னது அன்று முழுக்கக் காதிலேயே இருந்தது.

அடுத்த வாரம் அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி அருள்புரம் போனேன். யூனிட் கேட்டுக்கு எதிரில் ஒரு டீக்கடை. முக்காட்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். ஷிப்ட் முடிந்து ஆட்கள் வந்தார்கள். வடக்கத்திப் பையன்கள் இந்தியில் பேசிக்கொண்டு கும்பலாக வந்தார்கள். கை முழுக்கச் சாயத்தோடு நம் ஆட்கள் நான்கைந்து பேர் வந்தார்கள். கடைசியில் வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினார். என் வீட்டுக்காரர் வரவில்லை. வாட்ச்மேனைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். புருஷன் எங்கே என்று ஊரான் வாசலில் நின்று கேட்கிற பெண்ணைப் பற்றி நானே எத்தனை பேசியிருக்கிறேன். கேட்காமல் திரும்பி வந்தேன்.

அவர் எனக்குப் பிறகு வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இன்னிக்கு மிஷின் ஓயவே இல்ல அம்மிணி" என்றார். அவர் தட்டில் ரசத்தை ஊற்றினேன்.

ஏன் அப்போதே கேட்கவில்லை என்று என் மகள் பின்னால் கேட்டாள். ஒரு பீஸை வைத்துக்கொண்டு லாட்டை ரிஜெக்ட் செய்யக் கூடாது, அதனால் பொறுத்திருந்தேன் என்று அவளிடம் கெத்தாகச் சொன்னேன். நிஜம் அதுவல்ல. எனக்குப் பயமாக இருந்தது. கேட்டால் அவர் ஏதாவது பதில் சொல்லிவிடுவார். சொல்லிவிட்டால் அதற்குமேல் அதோடுதான் வாழவேண்டும். இந்த மனிதர் காலையில் டிபன் பாக்ஸோடு எங்கே போகிறார் என்று தெரிந்துகொள்ளவும் வேண்டும், தெரியாமல் இருக்கவும் வேண்டும். அப்படி ஒரு நிலையில் இருந்தேன்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்டோர் ரூம் கதவைக் கழற்றிக் கொல்லையில் இரண்டு ஸ்டூல்மேல் படுக்கப் போட்டார். அது சாதாரண வழவழப்புக் கதவு. சாம்பல் பெயின்ட் அடித்தது. கைபட்ட இடமெல்லாம் அழுக்கேறிக் கிடந்தது. "தேக்கு மாதிரி அடிக்கப் போறேன். வீடியோல பாத்தேன்" என்றார். எனக்கு வேறு வேலை இருக்கவில்லை. முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே எதிரில் உட்கார்ந்துவிட்டேன்.

முதல் நாளே கதவைத் தேய்த்து, வெளிர் மஞ்சளும் பழுப்பும் கலந்த ஒரு நிறத்தை அடித்துக் காயவிட்டிருந்தார். பார்க்கக் கெட்டுப்போன கடலைமாவு நிறத்தில் இருந்தது. இதுவா தேக்கு என்று நினைத்தேன். அன்று அதன்மேல் டர்பன்டைன் விட்டு இளக்கிய அடர் பழுப்பை மெல்லிசாகப் பூசினார். பூசியது ஈரமாக இருக்கும்போதே காய்ந்த பிரஷ் ஒன்றை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தார். மயிரிழை மாதிரிக் கோடுகள் விழுந்தன. பிறகு கைப்பிடி வைத்த ஒரு ரப்பர்க் கட்டையை எடுத்தார். அதன் முகம் வளைந்திருந்தது, வளைவில் வரி வரியாக வெட்டியிருந்தது. அதை ஈரத்தின்மேல் வைத்து இழுத்துக்கொண்டே மணிக்கட்டை முன்னும் பின்னும் லேசாகச் சாய்த்தார். கட்டை போன வழியெல்லாம் மரத்தின் உள்வளையங்கள் வந்தன. கை சாய்ந்து நின்ற இடத்தில் கிளை முறிந்த தடம்போல ஒரு கணு உருண்டு நின்றது. ஓரத்தில் திரண்ட பெயின்ட்டைப் பனியன் வேஸ்ட்டால் ஒற்றி எடுத்தார். சாம்பல் கதவு என் கண்முன்னாலேயே தேக்கானது. சந்தேகத்தை மறந்து கீரைத்தண்டைச் சட்டியிலும் இலையை முறத்திலுமாகப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் எங்கேயோ இடித்தது. தையலில் புதுக்கை எது, பழகிய கை எது என்று எனக்குப் பார்த்தவுடனே தெரியும். புதுக்கை நடுவில் நிற்கும், யோசிக்கும், மறுபடி தொடங்கும். இவர் கை ஓர் இடத்திலும் நிற்கவில்லை. வீடியோவைப் பார்த்து முதல் தடவை செய்கிறவருக்கு எத்தனை ஈரத்தில் இழுக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்? இந்தக் கை பத்து இருபது கதவாவது அடித்திருக்கிறது. எந்த வீட்டுக் கதவுகள்? யாருடைய வீடு? திருநெல்வேலிக்காரி காதுக்குள் பேச ஆரம்பித்துவிட்டாள். என் புருஷன் யாரோ ஒருத்திக்கு வீடு கட்டி, வாசற்கதவிலிருந்து குளியலறைக் கதவு வரைக்கும் தேக்கு அடித்துக்கொண்டிருப்பதாகவே முடிவு செய்துவிட்டேன். அவளுக்கு அலமாரிகூட மனதில் செய்து முடித்தாயிற்று.

கோபத்தில் கதவைக் கூர்ந்து பார்த்தேன். மேலே ஒரு கணு. நடுவில் ஒரு கணு. கீழே ஒரு கணு. கையைக் கழுவிவிட்டு வந்து, ஈரத்தில் படாமல் சாண் போட்டேன். என் சாண் எட்டு அங்குலம். மேல் கணுவுக்கும் நடுக் கணுவுக்கும் மூன்று சாண், ஒரு விரற்கடை. நடுக் கணுவுக்கும் கீழ்க் கணுவுக்கும் அதே மூன்று சாண், ஒரு விரற்கடை.

"ஏனுங்க, கணு ரிபீட் ஆகுதுங்க" என்றேன். "எந்த மரத்துலீங்க அளந்து வெச்ச மாதிரி கணு வரும்?"

அவர் டேப்பை எடுத்து வைத்துப் பார்த்தார். அறுபத்திநாலு. டேப்பைச் சுருட்டினார். "கைப்பழக்கம்" என்றார். பிரிண்டிங் மிஷினுக்கு முன்னால் அத்தனை வருடம் நின்றவருக்கு எதுவும் அறுபத்திநாலில் மறுபடி வரவேண்டும் என்று கண்ணுக்குப் பழகியிருக்கிறது. மரத்துக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை என்பதை அவர் கை மறந்துவிட்டது. மறுநாள் பெயின்ட் காய்ந்ததும், அலுப்பும் எரிச்சலும் தீராமல், கம்பெனியிலிருந்து கொண்டுவந்த அம்புக்குறி ஒன்றை இரண்டாவது கணுவில் ஒட்டிவிட்டேன். அடுத்த ஞாயிறு அவர் வார்னிஷ் அடித்தார். ஸ்டிக்கரை எடுக்காமல் அதன்மேலேயே அடித்துவிட்டார். எவ்வளவு திமிர் பார் என்று நினைத்துக்கொண்டேன்.

தை பிறந்ததும் எங்கள் மேனேஜர் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார். அவிநாசிபாளையத்துக்குப் பக்கத்தில் ரோட்டோரமாகவே வீடு. செக்கிங் ஆட்களைக் கம்பெனி வேனில் அழைத்துப் போனார்கள். வாசலில் வாழை கட்டி, பந்தல் போட்டு, சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்தது. எல்லோருடைய பேச்சும் வாசற்கதவைப் பற்றித்தான். "பல்லடத்துல டிப்போவுக்கே போயி மரம் எடுத்ததுங்க" என்று மேனேஜர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய மாமனார் கதவைத் தடவித் தடவிப் பார்த்தார். "ஒரே மரமாட்டம் இருக்குதுங்க மாப்ள" என்றார்.

என்னைக் கண்டதும் மேனேஜருக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. "எங்க கம்பெனில இந்தம்மா கண்ணுக்கு எதுவும் தப்பாதுங்க. வாங்க, நம்ம கதவப் பாஸ் பண்ணுங்க" என்று எல்லோர் முன்னாலும் கூப்பிட்டார். சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவர் முகம் மாறியது. வாய் தவறிக் கூப்பிட்டுவிட்ட முகம் அது. அந்த மாற்றத்தை வேறு யாரும் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

கதவுக்குப் பக்கத்தில் போனேன். நல்ல வேலை. வளையம் வளையமாக இறங்கி, ஓரத்தில் கோடு நெருங்கி, வெயில் பட்ட இடத்தில் வார்னிஷ் தேன்போல மின்னியது. மேலே ஒரு கணு. அதற்குக் கீழே கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி ஒரு கணு. அதற்கும் கீழே வலப்பக்கம் தள்ளி ஒன்று. ஒரே கோட்டில் வராமல் மாற்றி மாற்றிப் போட்டிருந்தார்கள். கதவைத் தடவிக் கொடுப்பதுபோல மேலிருந்து கீழே சாண் போட்டேன். மூன்று சாண், ஒரு விரற்கடை. மறுபடி, மூன்று சாண், ஒரு விரற்கடை.

கை அங்கேயே நின்றுவிட்டது. ஆறு மாதம் சட்டைக் காலரையும் கிலோமீட்டரையும் துருவிக்கொண்டு நான் தேடிய வீடு இதுதான். இங்கே ஒருத்தியும் இல்லை. மேனேஜரின் மாமனார்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "என்னங்கம்மா, தேக்குத்தானுங்களே?" என்று கேட்டுக்கொண்டு நின்றார்.

மேனேஜர் தோளில் கிடந்த துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"தேக்குத்தானுங்க" என்றேன்.

இலைபோட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ வந்தபோது மேனேஜர் பின்னாலேயே வந்தார். குரலைத் தாழ்த்தி, "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ங்க. சொல்லாம விட்டீங்க, பெரிய மனசுங்க" என்றார். "மாமனார்கிட்டத் தேக்குன்னு ஒரு பேச்சுக்குச் சொல்லப் போயி அப்படியே நின்னுபோச்சுங்க. ஆனா கதவுக்குப் பெயின்ட் அடிச்ச ஆளுக்கு நல்ல கைங்க. அருள்புரத்துல பிரிண்டிங்ல இருந்தவராமுங்க. கான்ட்ராக்டர் சொன்னாரு. வைகாசில நாம ஒரு இலை டிசைன் திருப்பி அனுப்புனமில்லீங்க, அந்த லாட்டுக்காக அவரைத்தான் வேலையிலிருந்து நிறுத்திட்டாங்களாமா."

குழாயை மூடாமல் நின்றேன். அந்த ஆள் யார் என்று மேனேஜருக்குத் தெரியாது என்றுதான் அன்று நினைத்தேன். தெரிந்துகொண்டுதான் சொன்னாரோ என்று இன்றைக்கும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

வேன் மத்தியானமே வீட்டில் இறக்கிவிட்டது. சேலையைக்கூட மாற்றாமல் ஸ்டோர் ரூம் கதவுக்கு முன்னால் உட்கார்ந்து, இரண்டாவது கணுவில் இருந்த அம்புக்குறியை நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. வெந்நீரை ஒற்றிப் பார்த்தேன். கத்தி முனையால் நெம்பிப் பார்த்தேன். வார்னிஷ்தான் கீறியது. எவனோ தூங்கிக்கிட்டே ஓட்டியிருக்கறான் என்று நான் சிரித்ததும், அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்ததும் மறுபடி மறுபடி வந்துகொண்டே இருந்தன. எனக்கு அசிங்கமாக இருந்தது. கூடவே, ஒரு வார்த்தை சொல்லாமல் என்னை இத்தனை மாதம் அலையவிட்டாரே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

மாலையில் வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, கையில் டிபன் பாக்ஸோடு அப்படியே நின்றார்.

"அது வராது அம்மிணி. வார்னிஷுக்கு அடியில இருக்குது."

"எடுத்துட்டு அடிச்சிருக்கலாமில்லீங்க?"

"நீ ஒட்டுனது. நான் எப்படி எடுக்கறது?"

"இன்னிக்கு எங்க மேனேஜர் ஊட்டுல பால் காய்ச்சுனாங்க" என்றேன். "அவிநாசிபாளையத்துல."

அவர் டிபன் பாக்ஸைக் கீழே வைத்தார். "கதவப் பாத்தியா?"

"பாத்தனுங்க. மூணு சாண், ஒரு விரக்கடை."

"மாத்தி மாத்தித்தான் போட்டேன்" என்றார். "கை அங்கதான் போயி நிக்குது."

"தேக்குன்னு சொல்லிட்டு வந்துட்டனுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீயா?" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் உடைந்துவிட்டது. அழுதுகொண்டே திட்டினேன். அருள்புரத்து டீக்கடை, காலண்டர் ஓரத்துப் பென்சில் கணக்கு, மனதில் நான் கட்டிவைத்த வீடு, அதற்குச் செய்த அலமாரி, ஒன்று விடாமல் கொட்டினேன். அலமாரி வந்தபோது அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எங்கிட்ட ஏனுங்க சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா அடுத்த பீஸுக்கு ஸ்டிக்கர் ஒட்டறதுக்கு உனக்குக் கை வருமா?" என்றார். "புள்ளி இருந்துச்சு. ஸ்கிரீன்ல ஓட்டைன்னு பாதி லாட்டுலயே பாத்துட்டேன். நிறுத்துனா நேரமாயிரும்னு ஓட்டிட்டேன். நீ பண்ணுனது சரிதான்."

நல்ல பதில்தான். ஆனால் திருப்பிப் பார்க்காமல் எதையும் வாங்கிப் பழக்கமில்லாதவள் நான். அதைத் திருப்பிப் பார்த்தேன். அதில் பாதிதான் என்மேல் இருந்த அக்கறை. மீதி, பெண்டாட்டியிடம் மாட்டிக்கொண்ட மனிதரின் வெட்கம். இரண்டையும் ஒன்றாகப் பூசி, மேலே வார்னிஷும் அடித்துக் கொடுத்திருந்தார். அதற்குமேல் நான் சுரண்டவில்லை.

இப்போது அவர் டர்பன்டைன் வாடையோடு வெளிப்படையாகவே வேலைக்குப் போகிறார். ஸ்டோர் ரூம் கதவில் அம்புக்குறி அப்படியே இருக்கிறது.

பால் காய்ச்சுக்கு மறுநாள் காலையில் ஒரு பீஸ் என் மேஜைக்கு வந்தது. நீலக்கோடு போட்ட பனியன். கோட்டுக்குப் பக்கத்தில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு புள்ளி. பழக்கத்தில் ஸ்டிக்கரை உரித்து விரல் நுனியில் வைத்துக்கொண்டேன். அது விரலிலேயே இருந்தது. இன்னொரு கையால் கட்டோடு இருந்த சீட்டை எடுத்துத் திருப்பி, எந்த யூனிட், எந்த ஷிப்ட் என்று படித்தேன். இருபது வருடத்தில் ஒரு நாளும் நான் அதைச் செய்ததில்லை. படித்துவிட்டுத்தான் ஒட்டினேன்.